அரைச் சுற்று

நாற்பது மைல் வேகம் வரைக்கும் அந்தக் காரைப் போலத் தங்கமான கார் ஜொகூரிலேயே கிடையாது. முப்பத்தைந்தில் போனால் மடியில் வைத்த செம்புத் தண்ணீர்கூடத் தளும்பாது. நாற்பதைத் தொட்டதோ இல்லையோ, ஆரம்பித்துவிடும். முதலில் காலடிப் பலகை குறுகுறுக்கும். அப்புறம் இருக்கை அதிரும். நாற்பத்தைந்தில் முன்கண்ணாடி கடகடக்கும். ஐம்பதில் பல்லோடு பல் இடிக்கும். ஐம்பதுக்கு மேலே ஜப்பான்காரக் கேப்டன் ஒகுடா ஒரே ஒருமுறைதான் ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்து, எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கி, நேரே போய் ஸ்டானிஸ்லாஸின் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

அறை வாங்கிய ஸ்டானிஸ்லாஸ், செடெனாக்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தின் பட்டறை மெக்கானிக். வயது நாற்பத்திரண்டு. லாரி, விளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற எஞ்சின், ரப்பர்ப் பால் உருட்டுகிற யந்திரம் என்று இருபது வருடமாக எல்லாவற்றின் வயிற்றையும் திறந்து மூடியவன். அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு கார் மாதக்கணக்கில் ஆட்டிவைத்தது என்றால், அவமானத்துக்குக் கேட்கவா வேண்டும்?

காரும் சும்மா கார் இல்லை. இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். பச்சை நிறம், துணிக் கூரை. வெள்ளைக்காரத் துரை நாற்பத்தொன்றாம் வருடக் கடைசியில் புத்தம்புதிதாகக் கப்பலில் வரவழைத்தார். இரண்டு மாதம் ஓட்டியிருப்பார். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்துகொண்டே இருக்கிறான் என்று சேதி வந்ததும், பெட்டி படுக்கை ஏற்ற இதில் இடமேது என்று பெரிய காரில் ஏறிச் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். பட்டறையில் இருந்த இரண்டு மெக்கானிக்குகளும் அதைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள்.

ஒருவன் ஸ்டானிஸ்லாஸ். இன்னொருவன் லெட்சுமணன்.

இரண்டு பேரும் ஒரே வருடம் பட்டறையில் சேர்ந்தவர்கள். இவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் நிற்பவன், அவன் ஆடி மாதம் தீ மிதிப்பவன். அதனால் ஒரு வம்பும் வந்ததில்லை. சண்டை வந்ததெல்லாம் வேலையில்தான். ஒரு சாமானைக் கழற்றுமுன் திரும்ப மாட்ட வேண்டிய இடத்துக்கு அடையாளம் போட வேண்டுமல்லவா? ஸ்டானிஸ்லாஸ் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு ஒரு புள்ளி வைப்பான். லெட்சுமணனோ உளியை வைத்து மயிரிழையாக ஒரு வெட்டுப் போடுவான். "பெயிண்டு அழியும்டா, வெட்டு அழியுமா?" என்பான். "ஒன் வெட்டு கிரீசுல மறஞ்சி கெடக்கும், யாரு தேடுறது?" என்று இவன் கேட்பான். உடனே அவன் தோளில் கிடக்கிற அழுக்குத் துணியை எடுத்து வீசுவான். "தொடச்சிட்டுப் பாருடா."

இருபது வருடத்தில் அந்த ஒரு சொல்லை ஆயிரம் தரம் கேட்டிருப்பான். கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்துவிட்டது.

வேலை முடிந்தால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டானிஸ்லாஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போவான். லெட்சுமணன் பட்டறை வாசலில் நின்று காதால் கேட்பான். வண்டி திரும்பி வரும்போது அவன் கையைத் தூக்கினால் சரி. தலையைச் சொறிந்தால் மறுபடியும் கழற்ற வேண்டும். ஸ்டானிஸ்லாஸின் மனைவி செசிலியா காய்ச்சலில் செத்து நாலு வருடம் ஆகிறது. அன்றுமுதல் அவனுக்கு இராச் சாப்பாடு லெட்சுமணன் வீட்டில்தான். லெட்சுமணனின் மனைவி தனலெட்சுமி, "அண்ணே, உக்காருங்க" என்று ஒரு தட்டைச் சேர்த்தே வைத்துவிடுவாள். பிள்ளை குட்டி அவர்களுக்கும் இல்லை. மூன்று பேரும் ஒரு குடும்பமாகத்தான் இருந்தார்கள்.

நாற்பத்து மூன்று ஏப்ரலில் கேப்டன் ஒகுடா வந்து துரை பங்களாவில் குடியேறினான். சாக்கைத் தூக்கிப் பார்த்தவன், சின்னப் பிள்ளை மாதிரி வாய் பிளந்து நின்றான். மூன்று நாளில் ஓட வேண்டும் என்று உத்தரவு. அவன் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி செல்லப்பன் இருந்தார். நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை வகுப்பில் நாலு வார்த்தை படித்துவிட்டு நாற்பது வார்த்தைக்குச் சமாளித்துக்கொண்டிருந்த மனிதர்.

ஒன்றேகால் வருடம் சும்மா நின்றதில் கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் கியர்பெட்டியை இறக்க வேண்டும். கியர்பெட்டியை இறக்குமுன் சாப்டைக் கழற்ற வேண்டும். கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளமான இரும்புக் குழாய்க்குத்தான் பட்டறையில் சாப்டு என்று பெயர். அது ஒரே துண்டு இல்லை. குழாயின் முனை ஓர் உறைக்குள் நுழைந்து நிற்கும். உள்ளே பல் பல்லாக வெட்டியிருப்பதால் எப்படித் திருப்பினாலும் நுழையும். நுழையத்தான் நுழையும், ஆனால் தொழிற்சாலையில் எடை பார்த்துச் சேர்த்த அதே இடத்தில் சேராவிட்டால் வேகத்தில் உதறும்.

லெட்சுமணன்தான் கழற்றினான். கழற்றிய அன்று சாயங்காலமே அவனுக்கு மலேரியா அடித்துவிட்டது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிற குளிர். மீதி வேலையை ஸ்டானிஸ்லாஸ் ஒண்டியாய்ச் செய்தான். சாப்டை மாட்டப் போகும்போது பார்த்தால், குழாயில் ஒரு சிவப்புப் புள்ளி, உறையில் ஒரு சிவப்புப் புள்ளி. அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அட, இந்தத் தடவ நம்ம வழிக்கு வந்துட்டான் பாரு" என்று இரண்டு புள்ளியையும் நேருக்கு நேராக வைத்து அடித்து மாட்டினான். இரண்டு முனையின் கவைகளும் ஒரே வாக்கில் இருக்கிறதா என்று கண்ணால் அளந்தான். இருந்தது. வேறென்ன வேண்டும்?

அப்புறம்தான் அந்த உதறலும் அறையும்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற மைதானத்தில், எல்லார் முன்னாலும் இருவரையும் நிறுத்தினான் ஒகுடா. லெட்சுமணன் போர்வையோடு வந்து நின்றான். அந்த வாரம் சயாமில் ரயில் பாதை போட இந்தத் தோட்டம் நாற்பது ஆள் கொடுக்க வேண்டும். முப்பத்தொன்பது பேர் எழுதியாயிற்று.

கிராணி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஸ்டானி, அந்தக் கார யாரு கெடுத்தான்னு கேக்குறாரு. பாத்துச் சொல்லு லா."

ஸ்டானிஸ்லாஸுக்குக் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இருபது வருடப் பெயர் மண்ணாய்ப் போன கோபம் வேறு. "சாப்டக் கழட்டுனதும் அடையாளம் வெச்சதும் லெட்சுமணன். நான் அவன் அடையாளத்து மேலதான் மாட்டுனேன்" என்றான்.

பொய் இல்லை. அவனுக்குத் தெரிந்த வரைக்கும் அதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்ன வாய்க்குள்ளே அப்போதே ஏதோ கசந்தது. லெட்சுமணன் இவனைத் திரும்பிப் பார்த்தான். மறுத்துப் பேசவில்லை. ஒகுடா விரலை நீட்டினான், நாற்பதாவது ஆள் கிடைத்துவிட்டான்.

லாரி கிளம்பும்போது தனலெட்சுமி ஒரு துணிமூட்டையை எட்டிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். ஸ்டானிஸ்லாஸ் பட்டறை வாசலை விட்டு நகரவில்லை. லாரி அவனைத் தாண்டுகிறபோது லெட்சுமணன் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கத்தினான். "டேய் ஸ்டானி! தொடச்சிட்டுப் பாருடா!"

சயாமுக்குப் போகிற நேரத்திலும் எனக்குப் பாடம் எடுக்கிறான் பார், என்று இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லபடியாய்ப் போய்வாடா என்று சொல்லவேண்டிய வாய் அப்படியே இறுகிக்கிடந்தது.

அதற்குப் பிறகு பட்டறையில் அவன் ஒருவன்தான். சுத்தியலைத் தட்டினால் அந்தச் சத்தம் தகரக் கூரையில் போய் முட்டி அவனிடமே திரும்பும். பேச ஆளில்லை. சண்டை போடக்கூட ஆளில்லை. நட்டுச் சாவியை நீட்டு என்று பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் நீட்டுவான், வெறுங்கையை மடக்கிக்கொள்வான். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கை அவித்து, உப்பைத் தொட்டு, நின்றபடியே தின்று முடிப்பான். புருஷன் இல்லாத வீட்டில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பேசும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும், நாலு பேர் பார்க்க, ஒரு கூடைக் கிழங்கை அவள் வாசலில் வைத்துவிட்டு, அவள் கொடுக்கிற வரக்காப்பியை நின்றபடி குடித்துவிட்டு வருவான்.

காரோ சரியாகவில்லை. சக்கரங்களை இடம் மாற்றிப் பார்த்தான். எஞ்சின் காலுக்கடியில் ரப்பர் வெட்டி வைத்தான். சாப்டு மூட்டுகளுக்குள் உருளுகிற ஊசிக் கம்பிகளைத் துரை விட்டுப்போன புதுக் கம்பிகளால் மாற்றினான். சாப்டைக் கழற்றி நூல் பிடித்து வளைவு பார்த்தான், வளைவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் திருப்பி மாட்டும்போது அந்த இரண்டு சிவப்புப் புள்ளியையும் பத்திரமாக நேருக்கு நேர் வைத்தான். புள்ளிக்குப் பக்கத்தில் ஆமணக்கு எண்ணெயும் புழுதியும் சேர்ந்த கிரீஸ், தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அதன்மேல் அவன் துணி படவேயில்லை. என்னத்துக்குத் துடைப்பது? அடையாளம்தான் பளிச்சென்று தெரிகிறதே. அவன் சொல்லித் துடைக்கிற அளவுக்கு நான் இறங்கிப்போகவில்லை என்ற வீம்பும் இருந்தது, இல்லையென்றால் பொய்.

ஜூலை மாதம் ஆறாவது அறை வாங்கிய பிறகு அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்தது என்ன, அது மூன்று மாதமாக நெஞ்சுக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்த ஆசைதான். கிராணியைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனான்.

"இந்தக் காரு லெட்சுமணனுக்குத்தான் தெரியும். அவன வரவழச்சா ஒரே நாள்ள ஓடும்னு சொல்லுங்க கிராணி."

"அலமாக்! அவன்தான் கெடுத்தான்னு நீயே சொன்னே, இப்ப அவனையே கூப்புடுன்றே?"

"கெடுத்தவனுக்குத்தான எடம் தெரியும்? அப்புடியே சொல்லுங்க."

கிராணி என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, ஒகுடா வெகுநேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சயாம் பாதையில் ஆள் பார்க்கிற ஆபீசில் தனக்கு ஒரு தெரிந்தவர் இருப்பதாகவும், கடிதம் போடுவதாகவும் சொன்னான். கார் தானாகவே சரியாகிவிட்டால் ஆள் வேண்டாம் என்று எழுதிவிடுவேன், என்று கூடவே ஒரு வார்த்தையும் போட்டான்.

அன்று ஸ்டானிஸ்லாஸ் லயத்துக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை இல்லை, கூடையும் இல்லை. "தங்கச்சி, கடுதாசி போயிருச்சி. லெட்சுமணன் வந்துருவான்" என்று வாசலில் நின்று மூச்சு வாங்கினான். தனலெட்சுமி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கதவில் சாய்ந்தாள்.

ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு. வரக்காப்பி குடிக்கும்போது அவள்தான் கேட்டாள்.

"ஏண்ணே, அப்புடி என்னதாண்ணே அந்தக் காருக்கு நோவு?"

"அதான் தெரியல தங்கச்சி. எல்லாம் சரியாத்தான் இருக்கு. சாப்டுல லெட்சுமணன் வெச்ச செவப்புப் புள்ளி ரெண்டும் நேருக்கு நேராத்தான் நிக்கிது. ஆனா ஒதறுது."

"செவப்புப் புள்ளியா?" அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. "அடியிலயா? நீளமா ஒரு கொழா போகுமே, அதுலயா?"

"ஆமா."

"ஐயோ, அது அவரு வெச்சது இல்லண்ணே! நான் வெச்ச பொட்டு. போன வருசம் ஆயுத பூசைக்கு."

ஆயுத பூசையன்று ஸ்டானிஸ்லாஸ் பட்டறைப் பக்கம் வருவதில்லை. அன்று அவனுக்கு லீவு, ஆற்றில் மீன் பிடிக்கப் போய்விடுவான். மறுநாள் வரும்போது சுத்தியல், சாவி, லாரி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். இரண்டு நாளில் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடும். பெயிண்டில் பொட்டு வைப்பார்கள் என்று அவன் கனவிலாவது நினைப்பானா?

"குங்குமம் எங்க கெடச்சிச்சி? ஒரு கடையிலயும் இல்ல" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். "ஒங்க செவப்பு பெயிண்டு டப்பா இருந்திச்சி, அதத்தான் தொட்டேன். அவரு சிரிச்சாரு. காரு கட்ட மேல நின்னிச்சில்ல, இந்தப் பக்கமாப் பூந்து ஒரு பொட்டு வெச்சேன். சுத்தி வந்து அந்தப் பக்கமாப் பூந்து இன்னொண்ணு. ரெண்டு கன்னத்துலயும் வெச்ச மாரி இருக்கட்டும்னு. இன்னுமா அழியாம இருக்கு?"

ஸ்டானிஸ்லாஸின் கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஒன்று இந்தப் பக்கம். ஒன்று அந்தப் பக்கம். எதிரெதிராகப் பார்க்க வேண்டிய இரண்டையும் அவன் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். சரியாக அரைச் சுற்று.

"அழியாம இருக்குல்லண்ணே?" என்று மறுபடியும் கேட்டாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது, உதடு சிரித்தது. "அப்ப அவருக்கு ஒண்ணும் ஆகாது. நான் வெச்ச பொட்டு நிக்கிதுன்னா அவரு நல்லாருக்காருன்னுதான அர்த்தம்?"

"ஆமா தங்கச்சி" என்றான். வேறு என்ன சொல்வது?

பட்டறைக்குப் போனதும் காருக்கடியில் படுத்தான். தோளில் கிடந்த துணியை எடுத்தான். மண்ணெண்ணெய் தொட்டு, அந்த இறுகிய கிரீஸைத் துடைத்தான். குழாயின் மேல் மயிரிழையாக ஓர் உளி வெட்டு. உறையின் மேல் இன்னொரு வெட்டு, முழுக்க அந்தப் பக்கம். லெட்சுமணன் போட்டது, லெட்சுமணன் கை. அவன் எப்போதும் போல ஒழுங்காகத்தான் செய்திருந்தான். தப்பு செய்தவன் ஸ்டானிஸ்லாஸ். தன் தப்புக்கு அவன் பெயரைச் சொல்லி, காய்ச்சலோடு லாரியில் ஏற்றிவிட்டவன் ஸ்டானிஸ்லாஸ். காருக்கடியில் மல்லாந்து கிடந்தபடியே அவன் அழுதான். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

அழுது முடித்து, நட்டுகளைக் கழற்றி, சாப்டை உருவி, வெட்டுக்கு நேர் வெட்டாக மாட்டினான். மாட்டிய பிறகுதான் ஒகுடாவின் வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. கார் சரியாகிவிட்டால் ஆள் வேண்டாம்.

வெகுநேரம் யோசித்தான். யோசிக்க என்ன இருக்கிறது? மறுபடியும் உருவினான். அரைச் சுற்று திருப்பித் தப்பாக மாட்டினான். தெரிந்தே ஒரு வேலையைக் கெடுப்பது அவனுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை வரவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் பல் பிடித்தது. துடைத்த இடத்தில் மறுபடியும் கிரீஸை அள்ளி அப்பி மூடினான்.

அப்புறம் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பு பொல்லாத காத்திருப்பு. தினமும் ஒகுடா காரை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போவான். நாற்பதில் அது உதறுகிற சத்தம் பட்டறை வரைக்கும் கேட்கும். அரை மணியில் நிறுத்தக்கூடிய சத்தம், நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு நிற்பான். வந்து அறைவான், வாங்கிக்கொள்வான். ஒவ்வொரு அறைக்கும் உள்ளுக்குள்ளே, கிடக்கட்டும், லெட்சுமணன் இன்னொரு நாள் கிட்டே வந்துவிட்டான் என்று எண்ணிக்கொள்வான். யாரிடமும் சொல்ல முடியாது. கிராணியிடம் சொன்னால் பயத்திலேயே அவர் உளறிவிடுவார். தனலெட்சுமியிடமோ சொல்லவே முடியாது. நீ ஆசையாய் வைத்த பொட்டுத்தான் உன் புருஷனைச் சயாமுக்கு அனுப்பியது என்று எந்த வாயால் சொல்வது? பாவசங்கீர்த்தனம் கேட்க சாமியாரும் அந்தப் பக்கம் வந்து வருடமாகிறது. இருந்த ஒரே சிநேகிதன் எந்தக் காட்டில் கல் சுமக்கிறானோ. அவனிடம்தான் மனசுக்குள் பேசுவான். 'வாடா, வந்து நீயே துணியால அடி. நீயே தொடச்சிக் காட்டு. எல்லாரு முன்னாலயும் காட்டு.'

செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை கிராணி பட்டறைக்கே நடந்து வந்தார். அவர் நடந்து வந்ததைப் பார்த்ததுமே ஸ்டானிஸ்லாஸ் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

"பதில் வந்துருச்சி ஸ்டானி" என்றார். கையில் இருந்த காகிதத்தை அவர் படிக்கவில்லை, மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "லெட்சுமணன் போயிட்டான்பா. காலரா. ஜூன் மாசமே."

ஜூன். கடிதம் எழுதியது ஜூலை. அவன் ஆளைக் கேட்டுப் பங்களாவுக்குப் போன அன்றே லெட்சுமணன் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாங்கிய அறையெல்லாம், கேட்ட உதறலெல்லாம், இல்லாத ஒருவனுக்காக.

"அந்த ஆள் இல்ல, நீயே பாத்துக்கோன்றாரு கேப்டன். அவரு ஜொகூர் பாருக்கு மாத்தலாகிப் போறாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள காரு வேணுமாம்."

இருவருமாகப் போய்த் தனலெட்சுமியிடம் சொன்னார்கள். அவள் உடனே அழவில்லை. ஸ்டானிஸ்லாஸின் முகத்தையே பார்த்துக் கேட்டாள். "பொட்டு நிக்கிதுன்னு சொன்னீங்களேண்ணே?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வாசலில் நின்றான், அப்புறம் ரோட்டில் நின்றான், அப்புறம் பட்டறைக்கு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வேலையை முடித்தான். நான்கு நட்டு, ஓர் உருவல், அரைச் சுற்று, நான்கு நட்டு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒகுடா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெரிய ரோட்டில் விட்டான். முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது. அறுபதில் ரப்பர் மரங்கள் சுவர் போல ஓடின, கார் மட்டும் பட்டுத்துணி மாதிரி போனது. ஒகுடா வாய்விட்டுச் சிரித்தான், ஸ்டானிஸ்லாஸின் தொடையில் தட்டினான், என்னென்னவோ கேட்டான். இரண்டு பேர் மட்டுமே உட்காரும் கார். தமிழில் சொல்லக் கிராணி இல்லை. ஸ்டானிஸ்லாஸ் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான்.

இறங்கியதும் கிராணி சொன்னார். "இவ்ளோ நாளா முடியாதது ஒரு நாள்ள எப்புடி முடிஞ்சிச்சின்னு கேக்குறாரு."

"ஒரு ஆளுக்காகக் காத்திருந்தேன்னு சொல்லுங்க."

"கொல்லப் பாக்குறியா என்னைய? வேற ஏதாச்சும் சொல்லிக்கிறேன் லா." அவர் ஏதோ சொன்னார். ஒகுடா திருப்தியாகத் தலையசைத்தான்.

சனிக்கிழமை பகலில் தனலெட்சுமியின் வீட்டுக்குப் போனான். நெற்றி வெறுமையாக அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மட்டும் உள்ளே இருந்தாள். அவன் வாசற்படிக்குக் கீழே நின்று சொன்னான்.

"தங்கச்சி, காரு சரியாயிருச்சி. லெட்சுமணன் போட்ட வெட்டு சரியாத்தான் இருந்துச்சி. நான்தான் தொடச்சிப் பாக்காம மாட்டிட்டேன். தப்பு என்னோடது. பெரட்டுல அவன் பேரச் சொன்னதும் நான்தான்."

அவள் தலையைத் தூக்கினாள்.

"செவப்புப் புள்ளிய வெச்சி மாட்டுனேன்னு சொன்னீங்களே. அது என் பொட்டு."

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் இதற்குத்தான் தயார் செய்திருந்தான்.

"இல்ல தங்கச்சி. ஒன் பொட்டு வேற எடம். நான் சொன்னது நான் வெச்ச புள்ளி. புத்தியில்லாம அவன் வெச்சான்னு சொல்லிட்டேன். ஒன் பொட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." சிலுவை போட்டுச் சத்தியம் செய்தான். அவன் தெரிந்தே செய்த முதல் பொய்ச் சத்தியம் அது.

அவள் நம்பினாள். நம்பியது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தில் இருந்த பயம் ஒன்று கழன்று விழுந்தது. அதற்குப் பதிலாக வந்ததை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அஞ்சு மாசமா என் வாசல்ல நின்னு காப்பி குடிச்சீங்களே" என்றாள் மெதுவாக. "போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அண்ணே என்று சொல்லவில்லை. அவன் கொண்டுவந்த கிழங்குக் கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினான். பக்கத்து வீட்டுக்காரி அதை எடுத்து வந்து வேலிக்கு வெளியே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒகுடா புறப்பட்டான். கார் பட்டறையைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியது. ஸ்டானிஸ்லாஸ் வாசலில், லெட்சுமணன் நிற்கிற இடத்தில் போய் நின்றான். அடியில் அந்த இரண்டு பொட்டும், ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம், அவள் வைத்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். அவன் துடைக்கவில்லை. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று காதாலேயே எண்ணினான். ஐம்பது. அறுபது. ஓர் உதறல் இல்லை, ஒரு குறுகுறுப்பு இல்லை. சத்தம் தேய்ந்து, மரங்களுக்குள் அடங்கிப்போகிற வரைக்கும் கேட்டான்.

பிறகு கையைத் தூக்கினான். சரியாக இருந்தால் தூக்க வேண்டும், அதுதான் வழக்கம். ரோட்டில் யாரும் இல்லை. கை வலிக்கிற வரைக்கும் தூக்கியபடியே நின்றான்.